நீளும் பாலமும் நகரும் தேதியும்

மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் பற்றிய செய்திகளில் இரண்டு வகை எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு வகை, கூடிக்கொண்டே போகும் எண். உயர்மட்டப் பாலம் 2023 நவம்பரில் 100 கிலோமீட்டரைத் தொட்டது. 2025 மே மாதத்தில் 300 கிலோமீட்டர் ஆனது. மற்றது, தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும் எண். 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியபோது 2022 ஆகஸ்ட் 15-ஐ இலக்காகச் சொன்னார்கள். 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட பதிலின்படி, வாபியிலிருந்து சபர்மதி வரையான பகுதி 2027 டிசம்பரிலும், முழுப் பாதை 2029 டிசம்பரிலும் முடியும். இரண்டு எண்களும் ஒரே திட்டத்தைப் பற்றியவைதான். பாலம் இத்தனை வேகமாக வளரும்போது தேதி மட்டும் ஏன் நகர்கிறது?

நிலம் கிடைத்த இடத்தில் முதலில் வேலையைத் தொடங்கு, மற்றவை பின்னால் வரட்டும் என்ற நடைமுறையில்தான் இதற்கான விடை இருக்கிறது. அரசியல்வாதிகளின் அவசரம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. உண்மையில் இதில் பொறியியல் நியாயம் நிறையவே உண்டு. அதே நடைமுறை, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லும்போது தவறான படத்தையும் காட்டிவிடுகிறது.

பாதையின் மொத்த நீளம் 508 கிலோமீட்டர். குஜராத்தில் 348, மகாராஷ்டிரத்தில் 156, இடையில் தாத்ரா நகர் ஹவேலியில் 4. தொடக்க மதிப்பீடு 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்கா தரும் கடன், வட்டி 0.1 சதவீதம், தவணைக் காலம் 50 ஆண்டுகள், முதல் 15 ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டியதில்லை. 2016-இல் தொடங்கப்பட்ட தேசிய அதிவேக ரயில் நிறுவனம், கட்டுமானத்தைப் பல தொகுப்புகளாகப் பிரித்து டெண்டர் விட்டது. வாபிக்கும் வடோதராவுக்கும் இடைப்பட்ட 237 கிலோமீட்டர் தொகுப்பு, ஏறக்குறைய 25,000 கோடி ரூபாய்க்கு, 2020 நவம்பரில் எல் அண்ட் டி நிறுவனத்துக்குப் போனது. மும்பை பாந்த்ரா–குர்லா வளாகத்தின் நிலத்தடி நிலையத்துக்கும் கடலடிச் சுரங்கத்துக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது 2023-இல். ஒரே பாதையின் நடுப்பகுதிக்கும் முனைக்கும் இடையே இரண்டரை ஆண்டு இடைவெளி.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பது ஊரறிந்த கதை. குஜராத்தில் நிலம் ஓரளவு சீக்கிரம் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் பால்கர் மாவட்டக் கிராமங்களின் எதிர்ப்பு, மாநில அரசின் தயக்கம், வனத்துறை அனுமதி, சதுப்புநில மரங்களை வெட்டுவது குறித்த வழக்கு என்று ஒவ்வொன்றாக வரிசையில் நின்றன. பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நிலையம் வரவேண்டிய மனையில் ஒரு பெட்ரோல் பங்கும் கொரோனா சிகிச்சை மையமும் இருந்தன. 2022 ஜூனில் மாநில ஆட்சி மாறிய பிறகே கோப்புகள் நகர்ந்தன. விக்ரோலி நிலம் தொடர்பான வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தது. திட்டத்துக்கு வேண்டிய நிலம் முழுவதும் கைக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு வந்தபோது 2024 ஜனவரி ஆகிவிட்டது.

முழு நிலமும் வரட்டும் என்று காத்திருந்தால் முதல் தூணுக்கான குழியே 2024-இல்தான் விழுந்திருக்கும். குஜராத்தை முதலில் எடுத்ததன் வலுவான நியாயம் இதுதான். இன்னொரு நியாயம் கட்டும் முறையில் இருக்கிறது. இந்தப் பாலத்தின் பெரும்பகுதி, இரு தூண்களுக்கு நடுவிலான கர்டரை முழுதாகவே வார்த்துத் தூக்கி வைக்கும் முறையில் கட்டப்படுகிறது. 40 மீட்டர் நீளம், 970 டன் எடை, நடுவில் ஒட்டு இல்லை. பாதையோரமாக அமைத்த வார்ப்புக் களத்தில் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் கூடுபோன்ற ராட்சதத் தூக்கி அதை மேலேற்றுகிறது. ஏற்கெனவே கட்டி முடித்த பாலத்தின் மீதே பல சக்கர வண்டி அதைச் சுமந்து செல்ல, முனையில் நிற்கும் ஏவுச்சட்டகம் வாங்கி அடுத்த இரு தூண்கள் மேல் இறக்குகிறது. துண்டு துண்டாகக் கோக்கும் பழைய முறையைவிட இது பல மடங்கு வேகம்.

ஆனால் அந்த வேகம் முதல் நாளே வருவதில்லை. முதல் கர்டர் ஏறியது 2021 நவம்பரில். முதல் ஒரு கிலோமீட்டருக்கே ஆறு மாதம் பிடித்தது. களமும் இயந்திரமும் ஆட்களும் ஒரு தாளத்துக்கு வந்த பிறகு, 2023 நவம்பரிலிருந்து ஒன்றரை ஆண்டில் 200 கிலோமீட்டர் கட்டினார்கள். தொடர்ச்சியான நீண்ட நிலப்பரப்பு இல்லாமல் இந்தப் பயிற்சி கிடைத்திருக்காது. இந்தியாவில் இதற்கு முன் யாரும் செய்யாத வேலை இது. மகாராஷ்டிரத் தொகுப்பு வந்தபோது கற்றுத் தேர்ந்த ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்றால், அது இந்த நடைமுறையின் வரவு.

குறை தொடங்குவது, இந்த வேகத்தையே திட்டத்தின் வேகமாகக் காட்டும்போது. பாலம் கண்ணுக்குத் தெரியும், ட்ரோனில் படம் எடுக்கலாம், கிலோமீட்டரில் எண்ணலாம். சுரங்கம் அப்படியல்ல. பாந்த்ரா–குர்லா வளாகத்திலிருந்து ஷில்பாட்டா வரை 21 கிலோமீட்டர் நிலத்தடி. அதில் 7 கிலோமீட்டர் தாணே கடற்கழிக்குக் கீழே. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பாறையில் வெடிவைத்துக் குடையும் பகுதி. மிச்சமுள்ள 16 கிலோமீட்டருக்கு, இரு தடங்களும் ஒரே குழாயில் போகிற அளவுக்கு, 13 மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள துளையிடும் இயந்திரங்கள் வேண்டும். கன்சோலிக்கும் ஷில்பாட்டாவுக்கும் இடையே வெடிவைத்துக் குடைந்த பகுதி 2025 செப்டம்பரில் இணைந்தது. அது நல்ல செய்திதான். ஆனால் இயந்திரம் துளைக்க வேண்டிய பகுதியே நீளமானது, ஆபத்தானது, அவசரப்படுத்த முடியாதது. கூடுதல் ஆட்களை இறக்கினால் இரண்டு மடங்கு வேகத்தில் நகரும் சாதனம் அல்ல அது. ஒரு நாளைக்கு இத்தனை மீட்டர் என்றால் அவ்வளவுதான்.

ஆகவே முழுப் பாதையின் தேதியைத் தீர்மானிப்பது இந்தச் சுரங்கம். திட்ட மேலாண்மையில், இறுதித் தேதியை இழுத்துப் பிடித்திருக்கும் இத்தகைய வேலைத் தொடரைத் தனியாகக் கண்காணிப்பார்கள். அந்தத் தொடரில் ஒரு நாள் தாமதம் முழுத் திட்டத்துக்கும் ஒரு நாள் தாமதம். மற்ற இடங்களில் பத்து நாள் முந்தினாலும் அதை ஈடுகட்டாது. குஜராத்தில் பாலம் 300 கிலோமீட்டர் ஆனது, மும்பைப் பயணிக்கு ஒரு மணி நேரத்தைக்கூட முன்னே கொண்டுவரவில்லை.

சதவீதக் கணக்கிலும் ஒரு வலை இருக்கிறது. முன்னேற்றத்தை எடைபோட்டுச் சொல்லும்போது ஒவ்வொரு வேலைக்கும் அதன் செலவுக்கேற்ப மதிப்பெண் தருவது வழக்கம். கான்கிரீட்டும் இரும்பும் செலவில் பெரும்பங்கு. அவை முடிந்தால் எண் கிடுகிடுவென ஏறும். செலவில் சிறிய பங்காக இருந்தாலும் ரயில் ஓடுவதற்குக் கடைசிச் சாவியான சிக்னலும் சோதனை ஓட்டமும் பாதுகாப்புச் சான்றும் அந்த எண்ணில் சுண்டைக்காய். பெரிய திட்டங்கள் 90 சதவீதத்தில் வந்து ஆண்டுக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

அதிவேக ரயிலில் இந்தச் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. இங்கே பாலம், தண்டவாளம், மின்சாரம், சிக்னல், ரயில் ஐந்தும் சேர்ந்து ஒரே இயந்திரம். முதல் திட்டத்தில் ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்செனின் இ5 வகையும் ஜப்பானிய சிக்னலும் இருந்தன. பிறகு சிக்னல், ஐரோப்பிய முறையான இ.டி.சி.எஸ். இரண்டாம் நிலைக்கு மாறியது. ரயிலுக்கு, ஜப்பானிலேயே இன்னும் ஓடத் தொடங்காத இ10 வகை பேசப்பட்டது. இடைக்காலத்துக்கு, மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைக்கப்படும் இரண்டு ரயில்களைச் செய்ய 2024 அக்டோபரில் பெங்களூரு பி.இ.எம்.எல். நிறுவனத்துக்கு ஆணை போனது. உள்நாட்டுத் திறன் வளர்கிறது என்ற கோணத்தில் இதை வரவேற்கலாம். ஆனால் தூண்கள் எழும்பிய பல ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த ரயில், எந்த சிக்னல் என்பது முடிவாகாமல் இருந்தது என்பதே உண்மை. சோறு வெந்து இறக்கிய பிறகு குழம்புக்கு என்ன காய் என்று கேட்பது போல. கிலோமீட்டர் கணக்கில் இந்தத் தாமதம் எங்கும் தெரியாது.

இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை இது. கலிஃபோர்னியாவில் 2008 நவம்பரில் வாக்காளர்கள் அதிவேக ரயிலுக்கான கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தபோது, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஏறத்தாழ 33 பில்லியன் டாலரில் 2020-க்குள் என்றார்கள். மத்திய அரசின் ஊக்க நிதியை 2017-க்குள் செலவழித்தாக வேண்டும் என்ற கெடு கழுத்தைப் பிடித்தது. நிலம் கைக்கு வருமுன்பே 2013-இல் மத்தியப் பள்ளத்தாக்கில் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பந்ததாரர்கள் காத்திருந்தார்கள், காத்திருந்ததற்கும் அரசு பணம் கட்டியது. முக்கியத் திட்டமிடல் முடியும் முன்பே கட்டுமானத்தில் இறங்கியதை 2018-இல் மாநிலத் தணிக்கையாளர் வெளிப்படையாகவே குறை சொன்னார்.

பிரிட்டனின் எச்.எஸ்.2 அதிவேக ரயிலின் கதை வேறு வகை. லண்டன்–பர்மிங்காம் முதற்கட்டத்துக்கு 2020-இல் பச்சைக்கொடி காட்டினார்கள். நிலமும் சட்டமும் இருந்தன, வடிவமைப்புதான் முதிரவில்லை. செலவு கூடினால் பெரும்பகுதி அரசின் தலையில் விழும்படி ஒப்பந்தங்கள் இருந்தன. கோல்ன் பள்ளத்தாக்கில் 3.4 கிலோமீட்டர் பாலத்தின் தளம் 2024-இல் அழகாகவே முடிந்தது. சில்டர்ன் மலைக்கடியில் 16 கிலோமீட்டர் சுரங்கமும் துளைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், பர்மிங்காமுக்கு வடக்கே போகும் பாதையையே பிரதமர் ரிஷி சுனக் ரத்து செய்தார். 2033-க்குள்ளும் ரயில் ஓடாது என்று 2025 ஜூனில் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வடிவமைப்பு முதிருமுன் கட்டுமானத்தைத் தொடங்கியது முக்கியக் காரணங்களில் ஒன்று என்று அப்போது வெளியான ஆய்வறிக்கை சொன்னது.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் குஜராத்தில் நடந்தது மேலானது என்றே சொல்வேன். அங்கே கையில் நிலம் இருந்த இடத்தில், முதிர்ந்த ஷின்கான்சென் வடிவமைப்பை வைத்துக்கொண்டு இறங்கினார்கள். தொடங்கியதில் பெரிய பிழை இல்லை. தொடங்கிய இடத்தை முழுமைப்படுத்தாமல் நீளத்தைத் துரத்தியதும், அந்த நீளத்தையே முன்னேற்றம் என்று அறிவித்ததும்தான் பிழை.

இதற்கு மாற்று, ஷின்கான்சென் பிறந்த கதையிலேயே இருக்கிறது. டோக்கியோ–ஒசாகா இடையே 515 கிலோமீட்டர்ப் பாதை 1959 ஏப்ரலில் தொடங்கி 1964 அக்டோபர் 1-இல் ஓடியது. செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது. அதற்குப் பொறுப்பேற்றுத் தேசிய ரயில்வேயின் தலைவர் ஷிஞ்சி சோகோ 1963-இல் பதவி விலகினார். ஆகவே அதைக் குறையில்லாத முன்மாதிரி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். முழுப் பாதை முடியும் முன்பே 1962-இல் கமோனோமியா அருகே சில பத்து கிலோமீட்டர் பகுதியைத் தண்டவாளம், மின்கம்பி, சிக்னல், ரயில் எல்லாம் சேர்த்து முழுதாக முடித்தார்கள். 1963 மார்ச்சில் அங்கே ஒரு சோதனை ரயில் மணிக்கு 256 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. ஒன்றோடொன்று சேராத இடங்கள் எல்லாம் அந்தச் சிறு துண்டில் முன்னதாகவே வெளிப்பட்டன. பின்னர் அதே துண்டு பிரதான பாதையின் பகுதியானது.

சூரத்தை ஒட்டிய பகுதியை 2027-இல் முதலில் திறப்பது என்ற இப்போதைய முடிவு இந்த வழியில் வைத்த அடிதான். தொடக்கத்திலேயே அதை எடுத்திருந்தால் சிக்னலும் ரயிலும் பற்றிய முடிவுகளை அது முன்கூட்டியே கட்டாயப்படுத்தியிருக்கும். ஐம்பது கிலோமீட்டரில் ரயில் ஓடுவது, முந்நூறு கிலோமீட்டரில் வெறும் பாலம் நிற்பதைவிடத் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

முந்நூறு கிலோமீட்டர் பாலமும் சொத்துதானே, என்றாவது பயன்படாதா என்று கேட்கலாம். பயன்படும். ஆனால் ரயில் ஓடாத பாலம் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிப்பதில்லை. பராமரிப்பும் காவலும் அதற்கும் வேண்டும். கடனின் 15 ஆண்டுச் சலுகைக் காலம் பாலத்துக்காக நின்று காத்திருக்காது. வட்டி குறைவு என்பதால் தாமதத்துக்கு விலையில்லை என்று ஆகிவிடாது.

என் தீர்ப்பு இதுதான்: கட்டுவதற்கு இந்த நடைமுறை நல்லது, கணக்குச் சொல்வதற்குக் கெட்டது. மாத அறிக்கையின் முதல் வரியில் பாலத்தின் நீளம் வேண்டாம். இறுதித் தேதியை இழுத்துப் பிடித்திருக்கும் வேலை எது, அதில் மிச்சம் எவ்வளவு, போன மாதம் சொன்ன தேதி இந்த மாதம் எவ்வளவு நகர்ந்தது, ஏன் நகர்ந்தது, இன்னும் எடுக்காத முடிவுகள் எவை, யார் எந்த நாளுக்குள் எடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கான விடைகள் அங்கே இருக்கட்டும். பாலம் இரண்டாம் பக்கத்தில் வரலாம்.

இதே நிறுவனத்திடம் சென்னை–பெங்களூரு–மைசூரு வழித்தடத்துக்கான விரிவான திட்ட அறிக்கைப் பொறுப்பும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடம் எந்நாளாவது மண்ணில் இறங்கினால், சென்னைக்குள்ளும் பெங்களூருக்குள்ளும் நுழையும் கடைசிச் சில கிலோமீட்டர்கள்தான் அதன் தேதியை எழுதும். அவற்றின் நிலமும் வடிவமைப்பும் முதலில் கைக்கு வந்தனவா என்று கேட்போம். வெட்டவெளியில் எத்தனை தூண் எழுந்தது என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.