சவுண்ட் சிஸ்டம்: ஜமைக்க மரபின் பாணிகளும் தர அளவுகளும்

ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்றால் ஒலிபெருக்கிப் பெட்டிகளும் அவற்றை இயக்கும் ஆட்களும் சேர்ந்த ஒரு குழு. இசைத்தட்டைத் தேர்ந்து போடுபவர் செலக்டர். மைக்கைப் பிடித்துப் பேசியும் பாட்டாய்ச் சொல்லியும் கூட்டத்தை நடத்துபவர் டீஜே. ஆம்பிளிஃபயரைக் கவனிப்பவர் ஆபரேட்டர். இவர்களோடு பெட்டிகளை லாரியில் ஏற்றி இறக்கும் இளைஞர்கள், எல்லாருக்கும் மேலே கருவிகளுக்கு முதல் போட்ட உரிமையாளர். கல்யாண வீட்டுக்கு மைக் செட் கட்ட வருபவரைப் போல இவர்கள் பிறர் விழாவுக்கு ஒலி கொடுக்கப் போவதில்லை. இவர்கள் வருவதே விழா. சுவரொட்டியில் எந்தக் குழுவின் பெயர் இருக்கிறது என்று பார்த்துத்தான் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். ஸ்கா, ரெகே, டான்ஸ்ஹால் ஆகிய மூன்று இசை வகைகளும் இந்தக் குழுக்களின் தேவைக்காகவும் போட்டிக்காகவும் உருவாகி வளர்ந்தவை. ஒரு பாட்டின் தகுதி முதலில் முடிவானது வானொலியிலோ கடையிலோ அல்ல, இந்தப் பெட்டிகளின் முன்னால் நின்ற கூட்டத்தில்தான்.

மரபின் தொடக்கம் 1940களின் இறுதி. கிங்ஸ்டன் நகரத்து ஏழை மக்களுக்கு இசைக்குழுவை அமர்த்தி நடனம் நடத்துவது கட்டுபடியாகாத செலவு. நியூ ஆர்லியன்ஸ், மயாமி வானொலிகளிலிருந்து இரவில் காற்றில் வந்த அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த இசைத்தட்டுகளைப் பலமாக ஒலிக்கச் செய்தால் குழுவே வேண்டியதில்லை என்று கண்டவர்களில் முன்னோடி டாம் வாங். சீன வம்சாவளியினரான இவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ‘டாம் த கிரேட் செபாஸ்டியன்’ என்பது இவருடைய குழுவின் பெயர். இவருக்கு ஆம்பிளிஃபயர் கட்டிக் கொடுத்தவர் ஹெட்லி ஜோன்ஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை பழகி வந்தவர் அவர். இந்த மரபின் வரலாற்றில் பாடகர்களுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இத்தகைய மின்னணுக் கைவினைஞர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அடியொலியை நெஞ்சில் உணரவைக்கும் அந்தத் தனித்தன்மை இவர்களுடைய பட்டறைகளில்தான் பிறந்தது. நடனங்கள் ‘லான்’ எனப்பட்ட வேலியடைத்த திறந்தவெளிகளில் நடந்தன.

1950களில் இரண்டு பெயர்கள் ஓங்கின. ஆர்தர் ‘டியூக்’ ரீட் முன்னாள் போலீஸ்காரர். பாண்ட் தெருவில் மதுக்கடை நடத்தியவர். இவருடைய குழு ‘த ட்ரோஜன்’. கிளமென்ட் டாட் அமெரிக்காவில் பண்ணைத் தொழிலாளியாக இருந்தபோது இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து வந்தவர்; அலெக் காக்சன் என்ற யார்க்‌ஷயர் கிரிக்கெட் வீரரின் பெயர் இவருக்குப் பட்டப்பெயராகி, குழு ‘சர் காக்ஸன்ஸ் டவுன்பீட்’ ஆயிற்று. ரீடின் பாணி பலமும் ஆர்ப்பாட்டமும்: இடுப்பில் துப்பாக்கி, எதிராளியை அமுக்கிவிடும் ஒலியளவு. டாடின் பாணி தேர்வு: வேறு யாரிடமும் இல்லாத தட்டைக் கண்டெடுப்பது. அந்தத் தட்டின் பெயரை எதிராளி அறியக் கூடாது என்பதற்காக லேபிளைச் சுரண்டி அழித்துவிடுவது அந்நாளைய வழக்கம். வில்லிஸ் ஜாக்சனின் சாக்ஸஃபோன் தட்டு ஒன்றை டாட் ‘காக்ஸன் ஹாப்’ என்று பெயர் மாற்றிப் பல காலம் தன் முத்திரைப் பாட்டாகப் போட்டுவந்தார். ஒருநாள் ரீட் அதே தட்டைத் தேடிப் பிடித்துத் தன் களத்தில் ஒலிக்கவிட்டபோது டாட் நிலைகுலைந்து போனார் என்பது கிங்ஸ்டனில் இன்றும் சொல்லப்படும் கதை. பலமா, தேர்வா என்ற இந்தப் பழைய வழக்கில் காலம் தேர்வின் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெட்டியைப் பணம் இருந்தால் பெரிதாக்கலாம். காதை அப்படி வாங்க முடியாது.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்க ரசனை ராக் அண்ட் ரோலுக்குத் திரும்ப, ஜமைக்கர்கள் விரும்பிய வகைத் தட்டுகள் வருவது குறைந்தது. உரிமையாளர்கள் உள்ளூர்ப் பாடகர்களை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள். முதலில் அது விற்பனைக்கான பதிவே அல்ல; தன் குழுவில் மட்டும் போடுவதற்கான ஒற்றைத் தட்டு. கூட்டம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே கடைக்குப் போயிற்று. டாட் 1963-இல் பிரென்ட்ஃபோர்ட் சாலையில் ‘ஸ்டுடியோ ஒன்’ ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். ரீட் தன் மதுக்கடைக்கு மேல்மாடியில் ட்ரெஷர் ஐல் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். டாடின் மெய்க்காவலராக இருந்த குத்துச்சண்டை வீரர் பிரின்ஸ் பஸ்டர் பிரிந்துபோய் ‘வாய்ஸ் ஆஃப் த பீப்பிள்’ குழுவைத் தொடங்கி மூன்றாவது முனையானார்.

அடுத்த பாணி ஒலியையே பிரித்துக் காட்டியது. ஸ்பானிஷ் டவுனில் சவுண்ட் நடத்திய ரூடி ரெட்வுட் 1968 வாக்கில் ட்ரெஷர் ஐலில் ஒரு தட்டு வெட்டச் சென்றபோது, குரல் தடத்தைச் சேர்க்காமலே தட்டு வெட்டப்பட்டுவிட்டது. வெறும் இசை ஒலித்த அந்தத் தட்டை அவர் அப்படியே களத்தில் போட, கூட்டம் தானே பாட்டைப் பாடியது. வாட்டர்ஹவுஸ் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றியும் ரேடியோ பழுது பார்த்தும் வந்த ஆஸ்பர்ன் ரடக், அதாவது கிங் டபி, இந்தத் தற்செயலை ஒரு கலையாக மாற்றினார். டைனமிக் சவுண்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வாங்கிய நான்கு தட மிக்ஸரில் டிரம்மையும் பேஸையும் மட்டும் நிற்கவிட்டு, கிதாரின் ஒரு வெட்டையும் குரலின் ஒரு சொல்லையும் எதிரொலியில் மிதக்கவிட்டார். அதுவே டப். அவருடைய ‘ஹோம் டவுன் ஹை-ஃபை’ குழுவின் ஒலி இடி போல் இருந்தாலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே கேட்கும் தெளிவு அதில் இருந்தது. ஒலியின் பலமும் தெளிவும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்று நிறுவிய பெருமை டபிக்கு உரியது. இன்றும் ஒரு குழுவின் கருவித் தரத்தை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

டப் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் டீஜே நுழைந்தார். பாட்டுக்கு நடுவே சொற்களை வீசும் வழக்கம் கவுண்ட் மச்சூகி காலத்திலிருந்தே உண்டு. அவர் செபாஸ்டியன் குழுவிலும் பிறகு டாடின் குழுவிலும் மைக் பிடித்தவர். ஒற்றைச் சுழல்தட்டுக் காலத்தில் தட்டு மாற்றும் இடைவெளியை நிரப்பியதும் அந்தப் பேச்சுதான். டபியின் குழுவில் மைக் பிடித்த யூ-ராய் 1970-இல் ட்ரெஷர் ஐலுக்காகச் செய்த பதிவுகளோடு டீஜே தனிக் கலைஞரானார். யூ-ராய் பின்னர் நடத்திய ஸ்டர்காவ் குழுவில் ஜோசி வேல்ஸும் சார்லி சாப்ளின் என்று பெயர் வைத்துக்கொண்ட டீஜேயும் வளர்ந்தார்கள். பன்னிரு கோத்திரத்தார் என்ற ரஸ்தஃபாரி அமைப்பைச் சார்ந்த ஜா லவ் குழுவில் பிரிகேடியர் ஜெரி மணிக்கணக்கில் மறைநூலையும் வரலாற்றையும் எதுகையில் கோத்துச் சொன்னார். ஆண்களின் களமாக இருந்த மைக்கில் நிலைத்த முதல் பெண்களில் ஒருவரான சிஸ்டர் நான்சி இவருடைய தங்கை. ஜெனரல் எக்கோவின் ஸ்டீரியோஃபோனிக் குழுவோ நகைச்சுவையையும் கொச்சையையும் வளர்த்தது. மைக் பாணிக்கு உரிய அளவு மூன்று: தாளத்தை விடாமல் நிற்பது, அன்றைய சேதியை அன்றே எதுகையாக்குவது, முந்தியவர் சொன்னதைத் திரும்பச் சொல்லாதது.

1985 பிப்ரவரியில் கிங் ஜாமி தன் ‘சூப்பர் பவர்’ குழுவோடு பிளாக் ஸ்கார்ப்பியோ குழுவை எதிர்த்து நின்ற இரவில், வெய்ன் ஸ்மித்தின் ‘ஸ்லெங் டெங்’ பதிவை எடுத்துப் போட்டார். காசியோ எம்.டி.-40 என்ற சிறு விசைப்பலகையில் முன்பே அமைந்திருந்த ஒரு தாளம்தான் அதன் அடித்தளம். ஓராண்டுக்குள் ஜமைக்க இசைத்துறை முழுதும் கணினித் தாளத்துக்குத் திரும்பியது. ஒரு போட்டி இரவு ஒரு நாட்டின் இசையின் போக்கையே மாற்றியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்தப் போட்டிக்குக் கிளாஷ் என்று பெயர். இதன் படைக்கலம் டப்பிளேட். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு இட்டு, நேரடியாக வெட்டப்படும் பத்து அங்குலத் தட்டு அது. சில டஜன் தடவை ஓட்டினால் ஒலி மங்கத் தொடங்கிவிடும். புகழ்பெற்ற பாடகரிடம் பணம் கொடுத்து, அவருடைய பிரபலமான பாட்டைத் தன் குழுவின் பெயர் வரும்படி மாற்றிப் பாடச்செய்து வெட்டுவதே ‘ஸ்பெஷல்’. பாடகர் இறந்துவிட்டால் அந்த ஸ்பெஷலின் மதிப்பு பன்மடங்காகும். இன்னொருவர் அதைச் செய்து வாங்கவே முடியாது. கிளாஷில் முதல் சுற்றுகள் ஆளுக்கு இவ்வளவு நிமிடம் என்று போகும். கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு நடுவர் ஒவ்வொருவராக வெளியேற்றுவார். கடைசி இருவர் டப்புக்கு டப், ஒன்றுக்கு ஒன்று என்று மோதுவார்கள். எதிராளி போட்டுவிட்ட பாட்டை மறுபடி போட்டால் அந்தப் புள்ளி போயிற்று. எனவே நல்ல செலக்டர் தன் பெட்டியில் இருப்பதை மட்டுமல்லாமல் எதிராளியின் பெட்டியில் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். எப்போது எதைச் செலவழிப்பது, எதைக் கடைசி வரை பிடித்துவைப்பது என்ற கணக்கே கிளாஷின் உயிர். கூட்டம் பொங்கினால் தட்டை நிறுத்தி மீண்டும் தொடக்கத்திலிருந்து போடுவது உண்டு. கேட்காமல் அப்படிச் செய்பவரைக் கூட்டம் மன்னிப்பதில்லை. எர்லி பி, சூப்பர் கேட் போன்ற டீஜேக்களால் பேரெடுத்த கில்லமாஞ்சாரோ, பிற்காலத்தில் ரிக்கி ட்ரூப்பரின் கையில் இந்தப் போர்ப் பாணியின் உச்சத்தைத் தொட்டது. செயின்ட் ஆன் மாவட்டத்து பாஸ் ஒடிசி அதற்குச் சமமான எதிரி.

போருக்கு எதிர்முனை ஜக்லிங். ஒரே தாளத்தின் மேல் பலர் பாடிய பாட்டுகளை முறியாமல் கோத்துக்கொண்டே போகும் பாணி இது. வின்ஸ்டன் ‘வீ பவ்’ பவல் 1972-இல் தொடங்கிய ஸ்டோன் லவ் இதன் தலைமைக் குழு. டீஜேயை மைக்கிலிருந்து விலக்கி, செலக்டரையே நடுநாயகமாக்கியது இது. இங்கே அளவு நயம்: காதல் பாட்டிலிருந்து நடனப் பாட்டுக்கும் அமெரிக்கச் சோல் இசைக்கும் கேட்பவர் அறியாமலே கடத்திச் செல்வது.

பிரிட்டன் கிளைக்குத் தனி வரலாறு உண்டு. செபாஸ்டியன் குழுவில் தட்டுப் போட்டவரான டியூக் வின் 1950களின் நடுவில் லண்டனின் லாட்புரோக் குரோவ் பகுதியில் முதல் சவுண்டை நிறுவினார். கறுப்பரை வாசலிலேயே நிறுத்திய இரவு விடுதிகளின் காலத்தில், நிலவறை வீட்டு நடனங்கள் அவர்களுக்கு ஒரே புகலிடம். பிற்பாடு இரு பாணிகள் ஓங்கின. லூயிஷம் பகுதியின் சாக்ஸன் குழு அதிவேகப் பேச்சை வளர்த்தது. அதில் தேறிய பாப்பா லீவை 1984-இல் ஜமைக்காவின் விற்பனைப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தார். ஜா ஷாகா நேர்மாறானவர். ஒரே சுழல்தட்டு, தன் கையில் ஒரு சைரன், நிமிடக் கணக்கில் நீளும் டப், விடியும்வரை ஒரே மனிதர். 2023-இல் மறைந்த அவருடைய கூட்டங்கள் கேளிக்கையைவிட வழிபாட்டை நெருங்கியவை. ஐரோப்பாவில் இன்று நடக்கும் பெரும்பாலான டப் இரவுகள் அவர் போட்ட தடத்தில் செல்பவை.

ஆண்டுக்கொரு முறை வரும் இரவுகள் இந்தப் பாணிகளையெல்லாம் ஒரே தராசில் வைக்கின்றன. ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் நாட்டிங் ஹில் கார்னிவலில் 1973-இல் லெஸ்லி பால்மர் நிலையான சவுண்டுகளுக்கு இடம் கொடுத்தார். அதன் பிறகு தெரு மூலைக்கு ஒரு குழு என்று முப்பதுக்கும் மேற்பட்டவை அங்கே நிற்பது வழக்கமாயிற்று. நடந்துபோகிறவர் எந்த மூலையில் நின்றுவிடுகிறார் என்பதே அங்கு மதிப்பெண். நியூயார்க்கில் ஐரிஷ் அண்ட் சின் நிறுவனம் 1998-இல் தொடங்கிய ‘வேர்ல்ட் கிளாஷ்’ நேரடிப் போட்டி. அதன் 1999-ஆம் ஆண்டுக் கோப்பையை ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து வந்த மைட்டி கிரவுன் வென்றது ஜமைக்கர்களைத் திகைக்க வைத்தது. மாஸ்டா சைமன், சாமி-டி சகோதரர்கள் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் ஜமைக்கப் பேச்சையும் டப்பிளேட் சேகரிப்பையும் பயின்றிருந்தார்கள். 2012-இல் பிரிட்டிஷ் வானொலியாளர் டேவிட் ரோடிகன் வென்றபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. நாற்பதாண்டுச் சேகரிப்பு அன்று பேசியது. இவற்றோடு ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் கொண்டாடும் ஆண்டு விழா நடனமும் உண்டு. கோப்பை இல்லாத அந்த இரவுதான் உண்மையில் கடினமான தேர்வு. சொந்த ஊர்க்காரர்கள் சென்ற ஆண்டு கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். புதிதாக ஒன்றும் சேர்க்காத குழுவை அவர்கள் உடனே அறிந்துகொள்வார்கள்.

மரபுக்குள் சரிவும் இருக்கிறது. 1990களிலிருந்து துப்பாக்கிப் பாட்டும் தன்பாலீர்ப்பினரை வெறுக்கும் பாட்டும் எளிதில் கைதட்டு வாங்கும் வழியாகப் பல கிளாஷ்களில் பயன்பட்டன. அது மனிதக் கேடு. கலையளவிலும் அது தேர்வுத் திறன் இல்லாதவர் ஒதுங்கும் இடம். மடிக்கணினி வந்தபின் இன்னொரு குறை சேர்ந்தது. தகட்டுக்கும் வெட்டுக்கும் செலவு இருந்தவரை ஒவ்வொரு ஸ்பெஷலும் யோசித்துச் செய்யப்பட்டது. கோப்பாக அனுப்பத் தொடங்கியதும் எண்ணிக்கை பெருகி, நினைவில் நிற்பவை குறைந்தன. ஆனால் அரிய பழந்தட்டுகள் அழியாமல் கைமாறவும் அதே கணினி உதவியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெளியிலிருந்து வரும் நெருக்கடி நேரம். ஜமைக்காவின் 1997-ஆம் ஆண்டு ஒலித் தடைச் சட்டம் வாரநாட்களில் நள்ளிரவோடும் வாரஇறுதியில் இரண்டு மணியோடும் பெட்டிகளை அடைக்கச் சொன்னது. நள்ளிரவுக்குப் பின்னரே கூட்டம் சேரும் நாட்டில் அது இரவின் வடிவத்தையே குறுக்கியது: இளம் செலக்டர்கள் பழகிக்கொள்ளும் முன்னிரவு மெல்லிசை நேரம் வெட்டுப்பட்டு, பெரிய பெயர்கள் நேராக உச்சத்தில் தொடங்க வேண்டியதாயிற்று. ரெகே இசையை யுனெஸ்கோ 2018-இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகும், அந்த இசை பிறந்த நடன வெளிகள் ஒவ்வொரு இரவும் காவல் நிலைய அனுமதிச் சீட்டோடுதான் திறக்கின்றன.