பெயர் கேட்கும் ஏடும் அறிகுறி பார்க்கும் ஏடும்: திரீ மைல் தீவுக்குப் பின் அணுமின் நிலையச் செயல்முறை நூல்கள்

திறவுச்சொற்கள்: செயல்முறை ஏடு, திரீ மைல் தீவு, நியூரெக்-0899, நூற்குற்றம்

1979 மார்ச் 28 அதிகாலை நான்கு மணிக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில் தொடங்கிய விபத்து, பெரும்பாலும் ‘இயக்குநர் பிழை’யாகவே வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு முழுமையானதன்று. இயக்குநரின் கைக்கு வழிகாட்ட எழுதப்பட்ட ஏடும் பிழைபட்டிருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அன்று அழுத்தக்கலனின் தணிப்பு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. மூடுவதற்கான ஆணை சென்றதைக் காட்டிய கட்டுப்பாட்டறை விளக்கு, வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. குளிர்நீர் வெளியேற, அழுத்தம் குறைந்தது. கலனின் நீர்மட்டமோ உயர்ந்தது. கசிவு நேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே குறையும் என்று பழகியிருந்தவர்கள், கலன் முழுதும் நீரால் நிரம்பிவிடக் கூடாது என்ற அறிவுரையைப் பற்றிக்கொண்டு, தானே இயங்கத் தொடங்கிய அவசர நீரேற்றத்தைக் குறைத்தனர். உலைக்கருவின் ஒரு பகுதி உருகியது.

அக்காலத்து அவசரகால ஏடுகள் நிகழ்வு வாரியாக அமைந்தவை. குளிர்நீர் இழப்புக்கு ஓர் ஏடு, நீராவிக் குழாய் உடைப்புக்கு மற்றோர் ஏடு. நோயின் பெயரை அறிந்தவனுக்கே மருந்து சொல்லும் நூல் அது. பெயர் தெரியாத வாசகன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவான்? நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றையும் இங்கு ஒருங்கே காணலாம். ஏடுகள் போதாதவை, குழப்பம் தருபவை என்று கெமெனி ஆணையமும் அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கையளித்தது.

1982இல் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட நியூரெக்-0899 என்னும் வழிகாட்டி இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. என்ன நேர்ந்தது என்று அறியாமலே, அளவுமானிகள் காட்டும் அறிகுறிகளைக் கொண்டு உலைக்கருவின் குளிர்ச்சி முதலான அடிப்படைத் தேவைகளைக் காக்கும்படி ஏடு அமைய வேண்டும் என்றது. சொற்றொடர் குறுகியிருத்தல், எச்சரிக்கை உரிய படிக்கு முன்னரே வருதல் போன்ற நடைவிதிகளும் வகுக்கப்பட்டன. வெஸ்டிங்ஹவுஸ் வகை உலைகளின் ஏடுகளில் பக்கம் இரண்டாகப் பிரிந்தது: இடப்பத்தியில் செய்ய வேண்டியதும் எதிர்பார்க்கும் விளைவும், வலப்பத்தியில் அவ்விளைவு கிட்டாவிடில் செய்ய வேண்டியது. என் மதிப்பீட்டில் இச்சீர்திருத்தத்தின் தலையாய கூறு இவ்வலப்பத்தியே. தன் கூற்றுப் பொய்க்கக்கூடும் என்பதை நூலே பக்கந்தோறும் ஒப்புக்கொள்கிறது. (நன்னூலார் விலக்கிய கூறியது கூறல், மீண்டும் சரிபார்க்கச் சொல்லும் இவ்வகை நூலில் குணமாகிவிடுகிறது.)

ஆயினும் நடையைத் திருத்தினால் போதும் என்று கொள்வதற்கில்லை. 1977 செப்டம்பரில் ஒகையோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் இதே வகை வால்வு சிக்கியது. அங்கும் நீரேற்றம் குறைக்கப்பட்டது. உலை குறைந்த திறனில் இயங்கியதால் சேதம் நேரவில்லை. வடிவமைத்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் அறிவுரையைத் திருத்தக் கோரி உள்குறிப்புகள் எழுதினர். அவை விபத்துக்கு முன் இயக்குநர்களைச் சென்றடையவில்லை. தேவையான திருத்தம் எழுத்தில் இருந்தது. அதன் வாசகரிடம் இல்லை.

நியூரெக்-0899 அவசரகால ஏடுகளுக்கு மட்டுமே உரியது என்பதும் கருதத்தக்கது. திரீ மைல் தீவில் அவசர ஊட்டுநீர்க் குழாய்களின் வால்வுகள் மூடிக் கிடந்தது விபத்து தொடங்கி எட்டு நிமிடம் கழித்தே தெரிந்தது. அவ்வால்வுகள் இரண்டு நாள் முன்னர் வழக்கமான ஒரு சோதனையில் கையாளப்பட்டவை. அத்தகைய அன்றாடச் சோதனைத் தாள்களை எவ்வாறு எழுதுவது என்பது அவ்வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே நின்றது.