பின்னி மில் நினைவுகள்: யாருடைய நினைவு?

புளியந்தோப்புப் பக்கம் ஷேர் ஆட்டோவில் ஏறி 'பின்னி மில்' என்று சொன்னால் இன்றைக்கும் இறக்கிவிடுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் மில் இல்லை. 1996இல் ஆலை மூடப்பட்டது. அப்புறம் பல வருஷம் காலி ஷெட்டுகளில் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். பிறகு இடித்தார்கள். இப்போது அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டிய அடுக்குமாடிகள் நிற்கின்றன.

மில் ஓடியபோது அதைப் பற்றி எழுதாதவர்கள் எல்லாம் இடிந்த பிறகு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நாளிதழ் இணைப்பு, சங்க மலர், நகர வரலாற்று உரை, புகைப்படக் கண்காட்சி என்று பின்னி மில் நினைவு இன்று தனி இலக்கிய வகையாகவே ஆகிவிட்டது. கண்ணில் பட்டதை எல்லாம் நான் விடாமல் படிக்கிறேன். என் நைனா அங்கே நூற்பில் வேலை செய்தார். தாத்தாவும் அங்கேதான். தாத்தாவுக்கு முந்தின தலைமுறையும் அங்கேதான். அந்த உரிமையில் இந்த எழுத்துகளைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதல் வகை, கட்டடத்துக்கு அழுகிற எழுத்து. 1876இல் பக்கிங்காம் மில், சில ஆண்டுகளில் கர்னாடிக் மில், 1920இல் இரண்டும் ஒரே கம்பெனி. செங்கல் சுவர், நேரம் சொல்லும் சங்கு, உலகப் புகழ் பெற்ற காக்கித் துணி. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஒரு ஆள் முகம் தெரியாது. துணி தானாக நெய்துகொண்டது போலவும் சங்கு தானாக ஊதிக்கொண்டது போலவும் இருக்கும். 'பாரம்பரியம் போச்சே' என்று முடிப்பார்கள். இதே நகரத்தில் கூவக்கரையிலும் மற்ற இடங்களிலும் நம் ஜனங்களின் குடிசைகளைப் பிடுங்கிக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றியபோது, அது பாரம்பரியம் என்று இவர்கள் யாரும் எழுதவில்லை. செங்கல்லுக்கு நூறு வயசானால் வரலாறு. ஓலைக்கு நூறு வயசானால் ஆக்கிரமிப்பு. இந்த அளவுகோலை யார் கையில் கொடுத்தார்கள் என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது வகை, தொழிற்சங்க வரலாறு. இதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் அமைப்பு ரீதியான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் உழைப்பு அதில் இருக்கிறது. இதை யாரும் மறுக்க வேண்டாம். நானும் மறுக்கவில்லை. என் கேள்வி 1921 பற்றியது.

இந்த வரலாறுகளில் 1918க்கு அத்தியாயம் உண்டு, 1920க்கு அத்தியாயம் உண்டு. 1921 வந்ததும் நடை மாறிவிடும். வாக்கியம் சுருங்கும். 'துரதிர்ஷ்டவசமாக', 'வகுப்புக் கலவரமாக மாறியது', 'கருங்காலிகளால் போராட்டம் தோற்றது' என்று மூன்று வரியில் தாண்டிப் போய்விடுவார்கள்.

நடந்தது என்ன? 1921 மே மாதம் கர்னாடிக் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூனில் பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. மாதக்கணக்கில் மோதல் நடந்தது. துப்பாக்கிச் சூடும் நடந்து உயிர்கள் போயின. ஓடியவர்களுக்கு வியாசர்பாடியில் முகாம் போட்டார்கள். அரசு ஆதிதிராவிடர்களுக்கு அளவுமீறி இடம் கொடுத்ததுதான் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர்கள் பேசினார்கள். சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா எங்கள் பக்கம் நின்றார். 1923இல் அவர் நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதற்கான பிளவு இங்கேதான் வெளிச்சத்துக்கு வந்தது.

ஏன் வேலைக்குப் போனார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்காமலே 'கருங்காலி' என்று எழுதிவிடுகிறார்கள். முந்தின வருஷத்துப் போராட்டத்தில் எங்கள் ஆட்களும் சேர்ந்து பட்டினி கிடந்தார்கள். சாதி இந்துத் தொழிலாளிக்கு வேலை நின்றால் ஊர் இருந்தது, உறவு இருந்தது, கால் காணி நிலமோ கைத்தொழிலோ இருந்தது. எங்களுக்கு ஊரில் இருந்தது சேரியும் பண்ணையாளும்தான். அதை விட்டு ஓடிவந்தவன்தான் மில்லுக்கு வந்தான். திரும்பிப் போக இடமில்லாதவனின் பட்டினியும் இடமுள்ளவனின் பட்டினியும் ஒரே பட்டினி அல்ல. இந்த வித்தியாசத்தைச் சங்கம் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னபோது நெருப்பு வந்தது.

தமிழ் படித்தவன் என்பதால் அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்க்கிறேன். கருங்காலி என்பது வைரம் பாய்ந்த மரம். உலக்கை செய்வார்கள். அந்த மரத்தின் பேர், இங்கிலீஷ்காரனின் 'பிளாக்லெக்' என்ற வசைக்கு நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. கருப்பும் காலும் சேர்ந்தால் துரோகி. காலில் பிறந்தவன் என்று ஏற்கெனவே சொல்லிவைத்த நாட்டில், காலுக்கும் கீழே வைக்கப்பட்டவனைப் பார்த்து இதைச் சொல்லும்போது வர்க்கம் மட்டுமா பேசுகிறது? நாக்கில் ஊறிய வேறொன்றும் பேசுகிறது.

சில வருஷத்துக்கு முன் ஒரு நினைவுக் கூட்டத்தில் பேச்சாளர் இந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்கினார். நான் எழுந்து, "குடிசை கொளுத்தினவங்களுக்கு உங்க வரலாத்துல என்ன பேரு தோழர்?" என்று கேட்டேன். "சாதியைக் கொண்டாந்து வர்க்கத்தைப் பிளக்காதீங்க" என்றார். கைதட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். மில்லில் நெசவில் இருந்து ஓய்வு பெற்றவர், சாதி இந்து. "தம்பி, நீ கேட்டது நியாயம். எங்க வூட்லயும் அந்த வருஷத்தைப் பேசுவாங்க. எங்க தாத்தா அந்த ராத்திரி வூட்டுல இல்லேன்னு மட்டும் பாட்டி சொல்லும். எங்க போனாருன்னு சொல்லாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேடையில் கிடைக்காத வரலாறு டீக்கடையில் அரை டம்ளர் நேரத்தில் கிடைத்தது. அவர் பேசியதை நான் பெரிதாக மதிக்கிறேன். எரிந்தவன் மட்டும் சாட்சி சொன்னால் போதாது. எரித்த வீட்டிலும் யாராவது வாய் திறக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த நினைவு வேறு மாதிரி இருந்தது. ஆயா 1921க்குப் பிறகு பிறந்தவள். அவளுடைய அம்மா சொன்னதைச் சொல்வாள்: "மில்லு சங்கு ஊதுனா எங்கம்மா ஒல வைக்கும்டா. அந்த வருஷம் சங்கு ஊதுச்சாம், ஒல வைக்க வூடு இல்லியாம்." எங்கள் தெருக் கிழவிகளுக்கு அது 1921 இல்லை, 'குடிசை எரிஞ்ச வருஷம்'. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் அதற்கு முன்னே, பின்னே என்றுதான் கணக்குப் போட்டார்கள். எந்தச் சங்க மலரிலும் இந்த நாட்காட்டி இல்லை.

மூன்றாவது வகை நம்முடைய எழுத்து. அதையும் விட்டுவிட்டால் இது விமர்சனம் ஆகாது. நம்மில் சிலர் 1921ஐ எழுதும்போது வெள்ளைக்கார நிர்வாகத்தை ரட்சகனாக்கிவிடுகிறோம். மில்லைத் திறந்து வைத்தது நம் மேல் உள்ள பாசத்தாலா? தறி ஓட வேண்டும், சங்கம் உடைய வேண்டும். இரண்டும் நடந்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றபோது சங்கத்தின் முதுகெலும்பும் முறிந்தது. அந்த நஷ்டத்தில் நமக்கும் பங்கு உண்டு. நம்மை எரித்தவன் தோற்றான் என்பதால் நாம் ஜெயித்தோம் என்று ஆகாது. இதைச் சொல்ல நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

அம்பேத்கரிடம் இதற்கு வழி இருக்கிறது. 1928 பம்பாய் மில் வேலைநிறுத்தத்தின்போது அவர் ஒன்றைக் கேட்டார். நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், எச்சில் தீட்டு என்பது சாக்கு. கூலி அதிகமுள்ள பிரிவு அது. முதலாளியிடம் வைக்கிற கோரிக்கைப் பட்டியலில் இந்தத் தடையை நீக்குவதையும் சேர் என்றார். அவர் போராட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை, வர்க்க ஒற்றுமைக்கு விலை குறித்தார். பெரம்பூரில் அந்த விலையை யாரும் கொடுக்க முன்வரவில்லை. ஒற்றுமையைக் கெடுத்தது யார் என்று கேட்பவர்கள், ஒற்றுமை எப்போது இருந்தது என்று முதலில் சொல்லட்டும்.

இடிந்த கட்டடத்தை எழுப்ப முடியாது. எழுப்பவும் வேண்டாம். நைனாவை ஒருநாள் அந்தப் பக்கம் அழைத்துப் போனேன். அடுக்குமாடியைப் பார்த்து அவர் அழவில்லை. நூற்புப் பிரிவு எங்கே இருந்தது என்று கையைக் காட்டினார். அப்புறம், "செவுரு போனா போவுதுடா. இங்க யாரு இன்னா பண்ணாங்கன்னு எங்கனா எழுதி வெச்சிக்கீதா?" என்று கேட்டார். எழுதி வைத்தவை பல இருக்கின்றன, அவர் கேட்டது அவற்றில் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். புளியந்தோப்பு, வியாசர்பாடி, ஓட்டேரி, பட்டாளம், கன்னிகாபுரம் வாசகர்கள் தங்கள் தெருவில் எண்பது வயசைத் தாண்டியவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள். மில் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். குடிசை எரிந்த வருஷத்தைப் பற்றி உங்க அம்மா என்ன சொன்னாங்க என்று கேளுங்கள். மற்ற தெருக்களுக்கும் போய், உங்க தாத்தா அந்த ராத்திரி எங்கே இருந்தார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கதவைச் சாத்தினால் சாத்தினார்கள் என்றும் எழுதுங்கள். அதுவும் சாட்சிதான்.