கண்ணகி பாடாத பாட்டு

திண்டுக்கல் நகரிலிருந்து சமவெளி வழியே மேற்கு நோக்கிச் செல்வார் பழனி மலையடியை அடைவர். சங்கச் செய்யுட்கள் பொதினி எனக் குறிக்கும் அவ்வூர் ஆவியர் குடிக்கு உரியது. அக்குடியிற் பிறந்த வையாவிக் கோப்பெரும் பேகனை, மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என அறியாதார் இலர். அவன் துறந்த மனைவி பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் பாடிய ஐந்து பாட்டுக்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை நிற்கின்றன. வேண்டும் பரிசில் அணிகலன் அன்று, அவள்பால் அவன் செல்லுதலே என்பது அவற்றின் கருத்து. புலவரது இவ்வறத்துணிவைப் பலரும் போற்றுவர், அது போற்றத்தக்கதே. ஆயின் நம் ஐயம் வேறு.

அப்பாட்டுக்களில் அவள் குரல் எத்துணை? கபிலர் பாடியபோது அவள் கண்ணீரை நிறுத்தாது விம்மி அழுதாள். பரணர் பாட்டில் (144) மட்டும் வாய் திறக்கின்றாள்: யாம் அவனுக்கு உறவினர் அல்லேம் என மறுத்து, தன்னைப் போன்ற வேறொருத்தியை நாடி அவன் நாடோறும் செல்வதாகக் கேள்வியுற்றதை உரைக்கின்றாள். அம்மறுப்பில் உள்ள மானம் கபிலர் காட்டிய கண்ணீரினும் வலிது. எனினும் அதுவும் பரணர் யாத்த சொல்லே. கண்ணகி என்னும் பெயரைத் தானும் கொளுவாலன்றிப் பாட்டால் அறிகிலேம்.

இதற்கு மறுதலையாக நிற்பவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். 83 முதல் 85 வரையுள்ள பாட்டுக்களில் தாய்க்கு அஞ்சுதலையும் அவைக்கு நாணுதலையும் தம் வாயாலேயே கூறுகின்றார். தென்பிரான்சில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஒக்சித மொழியில் பாடிய பெண்பாற் புலவர் இருபதின்மர் அளவினர் பெயர் தெரிகின்றது. அவருள் தியா நாட்டுக் கோமகள், தன்னைப் புறக்கணித்த காதலனை நேர்நின்று இடித்துரைத்தாள். அப்பாட்டு இசைக்குறிப்புடன் கிடைத்துள்ளது. அங்கு ஆடவர் தம் குரலிலேயே காதல் பாடினமையின், பெண் பாடுதல் மரபைத் திருப்புதலாயிற்று. நம் அகத்திணையிலோ ஆடவரே தலைவியாகவும் தோழியாகவும் நின்று பாடினர். ஆதலின், பெண்கூற்று மிகுதியைக் கொண்டு பெண்பாற் புலவரின் பெருக்கத்தை அளத்தல் பொருந்தாது. அவ்வாறு அளந்தெழுதிய கட்டுரைகள் சில உள!

கோமகளின் காதலன் இன்னான் என்பது பிற்காலத்து வரலாற்றுக் குறிப்பொன்றால் சொல்லப்படுவது. அறிஞர் அதனை ஐயுறுவர். நக்கண்ணையார் விரும்பியவன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்பதும் கொளுவின் செய்தியே. அப்பாட்டுக்களுள் அவன் பெயர் இல்லை. கொளுவை நீக்கி அம்மூன்றையும் முதற்கண் படித்தல் வேண்டும். அப்போதும் அந்நாணமும் அச்சமும் குன்றாது நிற்கின்றன.