118 குதிரைகளில் எத்தனை வீடு வந்து சேர்ந்தன?

போன மே மாதம் சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். டச்சுக் கோட்டைக்கு இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா மகன் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"மாமா, விளம்பரத்துல 118 பிஎஸ்னு போட்டிருந்தான். சென்னைல ரோலர்ல ஏத்திப் பார்த்தேன். 97தான் வருது. 21 குதிரையைக் காணோம். செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டா நிக்குமா?"

வண்டி 1.5 லிட்டர், டர்போ கிடையாது. பின்னால் 'ஸ்போர்ட்' என்று சிவப்பு எழுத்து. ஐந்து வருடக் கடன். அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் கேஸ் என்றால் காசு, அலைச்சல், வருடங்கள். "ஒரு வாரம் பொறு, கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றேன். அந்தக் கணக்குதான் இந்தக் குறிப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த 118 அநேகமாகப் பொய் இல்லை. ஆனால் அந்த விளம்பரம் நேர்மையானதும் இல்லை.

எந்த இடத்தில் அளந்த குதிரை?

பிஎஸ் என்பது ஜெர்மன் அளவு. 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் திறன், அதாவது 735.5 வாட். ஆங்கிலேயக் குதிரை கொஞ்சம் பெரியது, சுமார் 746 வாட். ஆகவே 118 பிஎஸ் என்பது ஏறக்குறைய 116 பிஹெச்பி. இரண்டையும் கலந்து எழுதும் கார் விமர்சனங்களில் இங்கேயே இரண்டு குதிரை தொலைந்துவிடுகிறது.

அடுத்தது, விளம்பர எண் எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து, அதன் கிராங்க் முனையில் அளந்தது. ரோலர் அளப்பது சக்கரத்தில் வந்து சேர்வதை. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் மூன்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். முன்சக்கர ஓட்டமுள்ள மேனுவல் கியர் வண்டியில் 10 முதல் 15 சதவீதம் போவது சாதாரணம்.

மூன்றாவது காற்று. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஐஎஸ்ஓ 1585 போன்ற தரமுறைகள் எஞ்சின் சக்தியை 25 டிகிரி வெப்பம், ஈரப்பதத்தின் பங்கைக் கழித்த பிறகு 99 கிலோபாஸ்கல் அழுத்தம் என்ற காற்றுக்கு மாற்றித்தான் சொல்லச் சொல்கின்றன. நம் கடற்கரையில் மே மாத மதியம் 25 டிகிரி எங்கே கிடைக்கும்? வெப்பம் 38 டிகிரி, காற்றில் நீராவியின் பங்கு 3.3 கிலோபாஸ்கல், மொத்த அழுத்தம் 100.3 என்று வைத்துக்கொண்டு அதே தரமுறையின் சூத்திரத்தில் போட்டேன். வெப்பத்தால் 2.6 சதவீதம், ஈரத்தால் கிட்டத்தட்ட 2.5 சதவீதம். ஆக டர்போ இல்லாத எஞ்சினில் சுமார் 5 சதவீதம் காற்றிலேயே போய்விடுகிறது. நூறு குதிரைக்கு ஐந்து.

இப்போது அவன் காகிதத்துக்கு வருவோம். மூலையில் பொடி எழுத்தில் 'அன்கரெக்டட்' என்று இருந்தது. காற்றுக்கான திருத்தம் செய்யாத எண் என்று அர்த்தம். 97ஐ வைத்துப் பின்னோக்கிப் போனால், இழப்பு 10 சதவீதம் என்றால் கிராங்கில் 108, 15 சதவீதம் என்றால் 114. அதன்மேல் காற்றுத் திருத்தம் சேர்த்தால் 113 முதல் 120 வரை. விளம்பரம் சொன்ன 118 இதற்குள்ளேயே இருக்கிறது. தரச் சான்றில் உற்பத்தி வண்டிக்குச் சில சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேஸ் நிற்காது.

நிஜமாகவே ஏமாற்றியவர்கள்

அப்படியென்றால் கம்பெனிகள் எல்லாம் அரிச்சந்திரனா? இல்லை. 1999இல் ஃபோர்டு மஸ்டங் கோப்ரா 320 குதிரை என்று அமெரிக்காவில் விற்கப்பட்டது. வாங்கியவர்களும் பத்திரிகைகளும் ரோலரில் ஏற்றிப் பார்த்தார்கள், எண் உதைத்தது. ஃபோர்டு அந்த ஆகஸ்டில் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப வரவழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு, எஞ்சின் கம்ப்யூட்டர், சைலன்சர் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. அதே 1999இல்தான் நம் மறைமலைநகரில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்து ஐகான் வெளிவந்தது. அதை 'ஜோஷ் மெஷின்' என்று விற்றார்கள். ஜோஷுக்கு அலகு கிடையாது, ஆகையால் யாரும் ரோலரில் ஏற்றிச் சரிபார்க்கவும் முடியாது.

2001 மஸ்டா எம்எக்ஸ்-5 இன்னொரு கதை. அமெரிக்காவில் 155 என்று விளம்பரம், உண்மையில் 142. மஸ்டா வண்டியையே திருப்பி வாங்கிக்கொள்ள முன்வந்தது. 2002இல் ஹூண்டாயும் அமெரிக்காவில் பல மாடல்களின் குதிரைத்திறனைக் கூட்டிச் சொன்னதாக ஒப்புக்கொண்டு ஈடு கொடுத்தது. 2005இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, வெளிச் சாட்சி முன்னிலையில் அளந்தால்தான் 'சான்றளித்த' எண் என்று போடலாம் என விதி வைத்தது. உடனே டொயோட்டா கேம்ரியின் 3 லிட்டர் வி6 எஞ்சின் 210இலிருந்து 190க்கு இறங்கியது. எஞ்சினில் ஒரு போல்ட்டுகூட மாறவில்லை. சாட்சி வந்தார், குதிரை குறைந்தது, அவ்வளவுதான்.

தலைகீழ்ப் பொய்யும் உண்டு. ஜப்பானியக் கம்பெனிகள் 1989 முதல் 2004 வரை தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன: உள்நாட்டில் எந்தக் காரும் 280 பிஎஸ்ஸுக்கு மேல் என்று சொல்லக்கூடாது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காகிதத்தில் 280, சாலையில் அதற்கு மேல். ஆக, எண் என்பது எஞ்சின் மட்டும் பேசும் பேச்சு அல்ல. அதை அச்சிடுகிறவரின் தேவையும் அதில் சேர்ந்து பேசுகிறது.

அப்புறம் என்ன குறை?

என் குறை இது. அந்த 118 ஒரே ஒரு ஆர்பிஎம்மில் மட்டும் இருக்கிறது, 6,000க்கும் மேலே. அங்கே நாம் எத்தனை முறை போகிறோம்? கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை 2,000க்கும் 3,000க்கும் நடுவில்தான் ஓட்டம். அங்கே அந்த எஞ்சின் கொடுப்பது இதில் பாதிகூட இருக்காது. அளக்கும்போது ஏசி கம்ப்ரசர் இணைப்பில் இருக்காது. மே மாதத்தில் நாம் ஏசி இல்லாமல் ஓட்டுவோமா?

எல்லாவற்றையும்விடப் பெரியது எடை. வண்டி 1,100 கிலோ என்றால் டன்னுக்கு 107 பிஎஸ். ஐந்து பேரும் பெட்டியும் சேர்ந்து 400 கிலோ ஏறினால் டன்னுக்கு 79. வேகமெடுக்கும் விஷயத்தில் இது 31 குதிரையை அவிழ்த்து விட்டதற்குச் சமம். அக்கா மகன் 21 குதிரைக்குக் கோர்ட்டுக்குப் போகப் பார்த்தான். போன தீபாவளிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனபோது 31 போனதை அவன் கவனிக்கவே இல்லை.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஈசிஆரில் முன்னால் ஒரு டேங்கர், எதிரே ஒரு பஸ். ஏறிவிடலாமா என்று முடிவெடுக்க ஒரு நொடிதான். அந்த நொடியில் பையன் மனசில் ஓடுவது விளம்பரத்தில் பார்த்த எண். வண்டி கொடுப்பதோ மூன்றாவது கியரா நாலாவதா என்று தடுமாறும் நேரத்தில், ஐந்து பேரோடு, ஏசியோடு, 38 டிகிரியில் கிடைப்பது. அவனுக்குத் தேவையான தகவல் '60இலிருந்து 100க்குப் போக, முழுச் சுமையோடு, எத்தனை நொடி' என்பது. அதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கார் விமர்சனம் செய்யும் பெரும்பாலான யூடியூப் நண்பர்களும் சொல்வதில்லை. கம்பெனி கொடுத்த தாளை உரக்கப் படிப்பதற்கு விமர்சனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அளந்து சொல்லும் சிலர்கூட ஓட்டுநர் ஒருவரோடு, குளிர்ந்த விடிகாலையில்தான் அளக்கிறார்கள்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து தெரியும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையே பாருங்கள். எண்பதுகளின் இறுதியில் உள்ளே ஒரு பாகம் பழுதானபோது ஒவ்வொரு யூனிட்டையும் 170 மெகாவாட்டாகக் குறைத்து ஓட்டினார்கள். பழுது நீக்கிய பிறகு 220 ஆனது. அந்த நிலையத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனம் இருக்கலாம், ஆனால் குறைந்த எண் குறைந்த எண்ணாகவே பதிவில் இருக்கிறது. கிணற்று மோட்டார் வாங்கும் விவசாயிகூட வோல்டேஜ் குறைந்தால் 5 ஹெச்பி என்ன ஆகும் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். கார் வாங்கும் நாம் மட்டும் உச்ச எண்ணைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறோம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே கணக்கில் எடுக்கிறது. உச்ச எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு, அது எந்த ஆர்பிஎம்மில் என்பதைப் பொடி எழுத்தில் போட்டு, முழுச் சுமை நேரத்தைச் சொல்லாமலே விடுவது மறைப்பதா இல்லையா? கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். 97ஆ 118ஆ என்பது அல்ல. சோதனைத் தடமும் ஆய்வகமும் ஒரகடத்திலேயே இருக்கின்றன. அளக்க வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப வண்டி நல்ல வண்டிதானா மாமா?"

"வண்டி நல்ல வண்டிதான்டா. எண்ணை நம்பி ஓவர்டேக் பண்ணாத. அம்மா அப்பாவை ஏத்திட்டுப் போறப்ப அது 118 இல்ல, 87ன்னு நெனச்சுக்கோ."

"87ன்னு போட்டிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேனே" என்றான்.

அது அவர்களுக்கும் தெரியும்.