அரங்கநாதனாரின் நூலும் தியாகதுருகத்துக் குழந்தைகளும்

சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணிதப் பேராசிரியராக விளங்கி, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை விளக்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1931-இல் வெளிவந்தது. நூலகர்கள் பாடமாகப் பயிலும் அந்நூலை, ஊரில் குழந்தைகளுக்கென நூலகம் ஒன்று காண விழையும் பெற்றோர் நிலையில் நின்று ஈண்டு நோக்குவோம். தியாகதுருகத்தையே எடுத்துக்கொள்வோமே. சேலம் நெடுஞ்சாலையில் கோட்டை மலையை ஒட்டி அமைந்த பேரூர் அது. 2019-இல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. அறிஞரின் விதிகள் அவ்வூர்த் தெருக்களில் செல்லுபடியாகுமா?

முதல் விதி மிக எளியது: நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்காக. இதைச் சொல்ல ஒரு நூலா என்று எண்ணத் தோன்றும். முற்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வரலாற்றை அவர் எடுத்துக்காட்டும்போதுதான் அதன் கூர்மை புலப்படுகிறது. சங்கிலி போய்விட்டது, நம் ஊர்களில் கண்ணாடி அலமாரியும் பூட்டும் அதன் வாரிசுகளாய் நிற்கின்றன. தனவந்தர் ஒருவர் அலமாரி வாங்கித் தருகிறார். அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதித் திறப்பு விழாவும் நடத்துகிறோம். பிறகு சாவி ஒருவர் சட்டைப் பைக்குள் புகுந்துகொள்கிறது! ‘பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள்’ என்பதே காரணம். கிழியட்டுமே! ஏழு வயதுக் குழந்தை நாற்பது முறை புரட்டியதால் தையல் விட்டுப்போன புத்தகம், தன் விலையை ஈடுகட்டிவிட்ட புத்தகமாகும். ஆண்டுதோறும் இத்தனை நூல்கள் தேயும், இத்தனை காணாமற் போகும் என்று செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைப்பதே அறிவுடைமை. குழந்தைகள் தாமே எடுத்துப் பார்க்கும் உயரத்தில் திறந்த அடுக்குகள் வேண்டும்; வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமையும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தைப் புத்தகக் கிடங்கு எனலாமே தவிர நூலகம் என்றல் பொருந்தாது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கருத்து. ஆடவர், பெண்டிர், நகரத்தார், நாட்டுப்புறத்தார் என்று அடுக்கிவந்து, பெரியோருக்குள்ள உரிமை சிறாருக்கும் உண்டென வாதிடும் பகுதி நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஆனால் நமக்குக் குறையாகப் படுவதும் இங்கேதான். நூலையும் வாசகரையும் இணைக்கும் வழியை ஆசிரியர் அழகுறக் காட்டுகிறார்; உரிய நூல் எழுதப்படாமலே இருந்தால் என் செய்வது? பெரிய எழுத்தும் படமும் கொண்டு, எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு ஏற்ற தமிழ் நூல்கள் இன்றும் தேவைக்குக் குறைவே. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் வாழ்நாளைக் குழந்தைகளுக்கே ஈந்தனர். 1957-இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட் மலிவு விலையில் நல்ல படக்கதைகள் தந்தது. அறிவியலுக்குத் துளிர் உண்டு. இவற்றுள்ளும் ஆமினாவும் யூசுபும் தலைகாட்டும் கதைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கு மாற்றாக, நம்மவர் நூலகம் அமைத்தால் அடுக்கு முழுவதையும் அறவுரை நூல்களால் நிரப்பிவிடுகின்றனர். அவை ஓர் அடுக்கில் இருக்கட்டும். நரியும் குரங்கும் விண்கலமும் துப்பறிவாளரும் மற்ற அடுக்குகளில் இல்லையேல், அந்த அடுக்கையும் குழந்தை தீண்டாது. பழைய கோனார் உரைகளையும் கரையான் தின்ற ஆண்டு மலர்களையும் நன்கொடையாகக் கொண்டுவருவோரிடம் அன்பாக மறுப்புச் சொல்லும் துணிவும் நிர்வாகிகளுக்கு வேண்டும்.

வாசகரின் நேரத்தைப் பேணுக என்னும் நான்காம் விதிக்கு நம் ஊர்ப் பொருள் வேறு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் திறந்திருக்கும் நூலகத்தால் யாருக்குப் பயன்? அதிகாலையில் மதரஸா, பின் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி என ஓடும் பிள்ளைக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. அந்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். பொறுப்பாளர் அத்தெருவைச் சேர்ந்த பெண்ணாக இருப்பின், வளர்ந்த பெண்பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் தயங்கார்.

பணத்துக்கு எங்கே போவது என்பர். சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வருவதற்கு அரங்கநாதனாரின் உழைப்பே முதன்மைக் காரணம். வீட்டு வரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் நூலக வரி தனியே குறிக்கப்பட்டிருக்கும். அரசு நூலகத்தில் குழந்தைகளுக்கு ஒரு மூலை கேட்பது நன்கொடை கேட்பதாகாது. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதேயாகும். அக்கேள்வியைக் கேட்ட பிறகே தெருவில் வசூலுக்குப் புறப்பட வேண்டும் என்போம்.

அறிஞரின் நூல் வெளிவந்த அதே 1931-இன் அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூலகம் அமைத்துச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலில் படித்துப் பெறுவதை விட இவ்வண்டியில் நாம் கற்பது மிகுதி. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைச் சிற்றூர்களில் உள்ள பிள்ளைகள் தியாகதுருகம் வரை வந்து நூல் எடுப்பது நடவாத செயல். ஒரு தகரப் பெட்டியில் ஐம்பது நூல்களை அடுக்கி மலைப் பேருந்தில் ஏற்றிவிட, பள்ளி ஆசிரியர் ஒருவர் அதனை வாங்கிவைத்து, மாத முடிவில் வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். பேருந்துக் கட்டணமும் பெட்டி விலையும் சேர்ந்தாலும் ஒரு திறப்பு விழாவின் பந்தல் செலவுக்கு வாரா.