ஊர்ப்பெருமையும் ஊர்ச்சான்றும்: திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பற்றிய ஒரு திறனாய்வு

ஊரைப் பாடுதல் தமிழில் புதிதன்று. சங்கப் பாக்களில் ஊரும் தலைவனும் ஒருங்கே போற்றப்பெற்றனர். பத்தியிலக்கியத்தில் ஊரும் இறைவனும் இணைந்தனர். பிற்காலத் தலபுராணங்களில் ஊரே பாட்டுடைத் தலைமை பெற்றது. இக்காலத்து ஊர்தோறும் தோன்றியுள்ள மரபுக்காப்பு மன்றங்களும் அந்நெடுவழியில் வந்தனவே. பழங்கட்டடங்களைக் காக்குமாறு முறையிடுதல், மாணாக்கரை அழைத்துச் சென்று காட்டுதல், கண்காட்சி அமைத்தல், மலர் வெளியிடுதல் ஆகியன இவற்றின் தொழில்கள். இத்தொழில்களை வாழ்த்துவதோடு தமிழறிஞர் அமைந்துவிடுகின்றனர். மலர்க்கு அணிந்துரை நல்குவோர் பலர். அம்மலரில் கூறிய செய்தி மெய்யோ என ஆராய்வோர் சிலர். ஊர்ப்பற்றில் பிறந்த எழுத்தும் எழுத்தேயாதலின், ஏனை எழுத்துப் போல அதுவும் திறனாய்வுக்கு உரியது.

அத்திறனாய்வுக்கு அளவுகோல் யாது? ஒரு மன்றம் தன் ஊரை எவ்வளவு புகழ்ந்தது என்பது அளவாகாது. அவ்வூரைப் பற்றி நாளை ஆராயப் புகுவானுக்கு எத்துணைச் சான்றினை அழியாது வைத்தது என்பதே அளவாகும். இக்கருத்தினை விருதுநகர் மாவட்டத்தில் அடுத்தடுத்து அமைந்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் என்னும் ஈரூர்களைக் கொண்டு விளக்குவல்.

பாடல் பெற்ற ஊர்

திருவில்லிபுத்தூர்க்கு இலக்கியமே முதற்சான்று. பெரியாழ்வார் பாசுரங்கள் 473. ஆண்டாள் அருளியவை திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143. இருவர் வாக்கும் கூடி 646 பாசுரங்களாகும். பதிகங்களின் இறுதியில் இருவரும் தம் பெயரொடு புதுவை எனவும் வில்லிபுத்தூர் எனவும் ஊர்ப்பெயரையும் பொறித்துச் சென்றனர். தன்னைப் பாடியோர் வாக்கினாலேயே தன் பெயரை நிலைநாட்டிக்கொண்ட ஊர் இது. ஊர்ப்பெயர் வரலாற்றுச் சான்றாதலை ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம்: ஊரும் பேரும்’ என்னும் நூல் நன்கு காட்டிற்று.

இப்பெயர்க்குத் தலவரலாறு வேறொரு விளக்கம் தருகின்றது. வில்லி, கண்டன் என்னும் வேட்டுவ உடன்பிறந்தார் இருவருள் கண்டன் புலியால் மாண்டான் என்றும், வில்லி கனவில் இறைவன் ஆணை பெற்றுக் காடு கொன்று ஊராக்கினான் என்றும் அது கூறும். இக்கதை போற்றத் தக்கதே. மலையடிவாரத்துக் காட்டைத் திருத்தி ஊர் கண்ட ஒரு சமுதாய நினைவு இதனுள் உறைந்திருத்தல் கூடும். ஆயின் கதையைக் கதையென்று எழுதுதல் வேண்டும். ஊர் மலர்கள் பலவற்றில் வில்லியின் கனவும் நாயக்கர் திருப்பணியும் ஒரே வரிசையில், ஒரே நடையில் கூறப்படுகின்றன. படிக்கும் இளைஞன் கதை எது, வரலாறு எது எனப் பிரித்தறிய வழியில்லை. ஆண்டாள் காலத்தை ஆராய்ந்தார் நெறி இதற்கு மாறானது. திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் பற்றிய குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் ‘ஆழ்வார்கள் காலநிலை’யில் காலம் கணித்தார். பிறர் அக்கணக்கை மறுத்து வேறு ஆண்டுகள் கூறினர். முடிபு வேறுபடினும், சான்று இன்னது என முன்வைத்தமையால் மறுப்பதற்கும் இடம் கிடைத்தது. மறுக்க இடந்தரும் எழுத்தே ஆராய்ச்சி என்க.

கோபுரமும் முத்திரையும்

வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் 192 அடி உயரமுடையது என்பர். இஃது இவ்வூரின் முதற்பெருமையாகப் பேசப்படுகின்றது. தமிழக அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் இதுவே என்பது ஊரார் உறுதி. பள்ளி நூல்களிலும் இச்செய்தி பரவியுள்ளது. ஆயின் முத்திரை 1949இல் உருவான வரலாற்றை ஆராய்வோர் பிறிதொரு கூற்றையும் எதிர்ப்படுவர். அதனை வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் மதுரையிற் பிறந்தவர் என்றும், மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலைக் கோபுரத்தையே அவர் மாதிரியாகக் கொண்டார் என்றும் அக்கூற்றுக் கூறும்.

இவ்வழக்கில் ஈரூராரும் கையாளும் முறையே ஈண்டு நோக்கத் தக்கது. ஒருவர் மரபைக் காட்டுவர். மற்றொருவர் ஓவியர் சொல்லைக் காட்டுவர். வழக்கைத் தீர்க்கும் சான்றுகளோ வேறு. அரசாணையின் சொற்கள், ஓவியரின் முன்வரைவுகள், அக்காலத்து அலுவலகக் குறிப்புகள் என்பன முதலாவன. அடுத்து, முத்திரை ஓவியத்தையும் இருகோபுரங்களின் பழைய ஒளிப்படங்களையும் அருகருகே வைத்து நிலைகளின் தொகை, சரிவின் கோணம், சுதையுருவங்களின் செறிவு ஆகியவற்றை ஒப்பிடல் வேண்டும். மதுரைக் கோபுரம் சுதையுருவங்கள் நெருங்கியது; திருவில்லிபுத்தூர்க் கோபுரம் அவை மிகாது கட்டடக் கோடுகளாலேயே பொலிவது. இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதாகலின் ஒப்பீடு பயன் தருவதே. இவ்வொப்பீட்டினை ஒரு மன்றம் செய்து வெளியிடுமாயின், முடிபு எவ்வூர்க்குச் சார்பாயினும் அம்மன்றமே பெருமை பெறும். ஒன்று சேர்த்துக் கூறுவல்: இக்கோபுரத்தின் உயர்வு முத்திரையை நம்பி நிற்கவில்லை. முத்திரை கைவிட்டுப் போயினும் கோபுரம் ஓரடியும் குறையாது.

1875: ஊரார் நூலகம்

கோபுரம் அளவுக்குப் பேசப்படாத ஒரு செல்வம் இவ்வூரில் உண்டு. அது பென்னிங்டன் நூலகம். 1875இல் தோன்றிய இந்நூலகம், திருநெல்வேலிச் சீமையில் ஆட்சிப்பணி புரிந்த ஆங்கில அலுவலர் ஒருவர் பெயரால் வழங்குகின்றது. சென்னைக் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896இல். சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் இயற்றப்பட்டது 1948இல். எனவே தலைநகரின் பெருநூலகத்துக்கு 21 ஆண்டு முன்னரும், சட்டத்துக்கு 73 ஆண்டு முன்னரும் ஒரு சிற்றூர் தனக்கெனப் பொதுநூலகம் கண்டது.

மரபுக்காப்பு என்னும் சொல் வழங்காத காலத்தில் நிகழ்ந்த மரபுக்காப்பு இதுவாகும். இதன் சிறப்பு மூன்று. ஒன்று, ஊர் தன் தேவையைத் தானே உணர்ந்தமை. இரண்டு, ஒரு தலைமுறையோடு மாயாது நிற்குமாறு அதனை நிறுவனமாக்கினமை. மூன்று, புகழுரை வழங்காது நூலை வழங்கினமை. கோபுரத்தைக் கண்டவன் வியந்து மீள்வான். நூலகம் புக்கவன் அறிந்து மீள்வான். விழா மலர்களில் கோபுரத்துக்குப் பல பக்கமும் நூலகத்துக்குச் சில வரியும் ஒதுக்குவோர் இவ்வேறுபாட்டை எண்ணுதல் நலம்.

குடியேறிய ஊர்

இராசபாளையத்தின் இயல்பு வேறு. ஆழ்வார் பாசுரமோ வானளாவிய கோபுரமோ இதற்குப் புகழ் தரவில்லை. விசயநகரப் பேரரசின் காலத்தும் அதன் பின்னும் தெற்கு நோக்கி வந்த தெலுங்கு பேசும் இராசுக்கள் குடியமர்ந்து வளர்த்த ஊர் இது. 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூலாலை இவ்வூரை நெசவுத் தொழிலின் ஊராக்கிற்று. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூரினர். அவர் தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்தார். தனியொருவர் மனை பொதுமன்றமாயிற்று. திருவில்லிபுத்தூரில் 1875இல் ஊரார் செய்ததனை ஈண்டு ஒருவர் செய்தார் எனலாம்.

இவ்வூரின் பெயரைச் சொன்ன அளவில் பலர்க்கு நினைவில் எழுவது நாயினம். வெண்ணிறமும் செந்நிற மூக்கும் உடைய இவ்வினம் 2005இல் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. பாளையக்காரர் போர்களில் இந்நாய்கள் ஆங்கிலப் படையைத் தாக்கின என்னும் செய்தி சான்று காட்டப்படாமலே நூலுக்கு நூல் பெயர்த்தெழுதப்படுகின்றது. வெண்ணிற நாய்களிற் செவிட்டுத் தன்மை தோன்றுதலும், அதனை நீக்க இனவழிக் குறிப்பேடு வேண்டுதலும் அத்துணை எழுதப்படுவதில்லை. போர்க்கதை நாய்க்கு வீரம் தரும். குறிப்பேடோ நாய்க்கு வாழ்வு தரும். காப்பு என்னும் சொல்லுக்கு எது பொருந்தும் என்பது வெளிப்படை.

இராசபாளையம் போன்ற ஊர்க்கு மரபு கல்லில் இல்லை; பேச்சிலும் தொழிலிலும் உள்ளது. நானூறு ஆண்டளவாகத் தமிழ்ச் சூழலில் வழங்கும் இல்லத்துத் தெலுங்கு, ஆலைத் தொழிலாளர் கலைச்சொற்கள், பருத்தி வாணிகரின் கணக்கேடுகள், பழையபாளையம், புதுப்பாளையம் என்னும் தெருப்பெயர்கள் ஆகிய இவையே அதன் கல்வெட்டு. பழமை என்றாலே கோயில் எனக் கொள்ளும் கண்ணுக்கு இவை புலனாகா. ஆலை இயந்திரம் மாறுங்கால் அதன் சொல்லும் மறையும். மறைந்த சொல்லை எவ்வகழ்வாராய்ச்சியும் மீட்டுத் தாராது.

இரண்டு ஊர்களை இணைத்த நூல்

ஈரூர்களையும் தனித்தனியே போற்றுவோர் இவற்றிடையே உள்ள இலக்கிய உறவை நினைப்பதில்லை. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்த மால்யதா’ பெரியாழ்வார், கோதை வரலாற்றைப் பொருளாகக் கொண்டது. சூடிக்கொடுத்தவள் என்பதே அப்பெயரின் கருத்து. வில்லிபுத்தூர் வருணனை அந்நூலின் முகப்பிலேயே அமைந்துள்ளது. எனவே ஒரு தமிழூர் தெலுங்குப் பேரிலக்கியத்தின் நிலைக்களமாயிற்று. அந்நூலைத் தமிழாக்கியவர் இராசபாளையத்து மு. கு. ஜகந்நாத ராஜா. அத்தமிழாக்கம் மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதமிப் பரிசினை 1989ஆம் ஆண்டுக்குப் பெற்றது.

இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குக. வில்லிபுத்தூரிற் பிறந்த தமிழ்ப் பாசுரம் தெலுங்கு நாட்டு வேந்தனைக் காப்பியம் பாடச் செய்தது. தெலுங்கு நாட்டினின்று வந்தோர் வழியில் தோன்றிய புலவர் ஒருவர் அண்டையூரில் இருந்து அக்காப்பியத்தைத் தமிழுக்கு மீட்டுத் தந்தார். இருமொழிக் குடியிருப்பு என்னும் இராசபாளையத்து மரபு ஈண்டு அறிவுச் செல்வமாக விளைந்தது. ஒரு மன்றம் தன் ஊருக்குச் செய்யத்தக்க தொண்டின் உச்சம் இஃது எனக் கூறுவேன். ஈராண்டு விழாக்கள் எடுத்தாலும் இவ்வொரு நூலின் பயன் விளையாது.

வாழும் சான்றுகள்

கலைகளிலும் இவ்வளவுகோல் செல்லும். அரையர் சேவை நிலைத்துள்ள சில இடங்களுள் திருவரங்கம், ஆழ்வார் திருநகரி ஆகியவற்றொடு திருவில்லிபுத்தூரும் ஒன்று. பாசுரத்தை இசைத்தல், அபிநயித்தல், ‘தம்பிரான்படி’ உரை கூறல் என்னும் மூன்றும் அதன் உறுப்புகள். முத்துக்குறி நிகழ்த்துங்கால் அரையர் ஒருவரே கட்டுவிச்சியாகவும் தாயாகவும் நின்று காட்டும் முறை, நாடகத் தமிழ் ஆராய்வார்க்குக் கிடைத்தற்கரிய சான்று. இது சில குடும்பங்களின் நினைவிலும் ஏட்டிலும் வாழ்வது. இதனைக் காட்சிப்பொருளாக்கிக் கூட்டம் சேர்த்தல் எளிது. அக்குடும்பத்தார் இசைவொடு உரையினைப் பாடவேறுபாடு காட்டிப் பதிப்பித்தலே அரிது. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊர் மகிழ்ந்தது, அது தகும். அக்குறியீடு பெறவும் செய்முறை, இடம், வரலாறு ஆகியவற்றை எழுத்தில் நிறுவவேண்டியிருந்தது என்பதனை மறத்தலாகாது. இனிப்புக்கு வேண்டும் சான்று இலக்கியத்துக்கும் இசைக்கும் வேண்டாவோ?

செய்யத் தக்கன

சான்று தொகுப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இப்பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தும், பின்னர் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தும், அதன்பின் விருதுநகர் மாவட்டத்தும் அமைந்தது. ஆகவே இவ்வூர்களின் ஆவணங்களைத் தேடுவோர் மூன்று மாவட்டப் பெயர்களின் கீழும் தேடுதல் வேண்டும். இவ்வாவணங்களுக்கு ஒரு பெயரடைவு செய்தல் மன்றங்களின் முதற்பணியாகத் தக்கது.

இரண்டாவது, திருப்பணிக்கு முன் பதிவு. திருமலை நாயக்கர் பெயரால் திருவில்லிபுத்தூரில் வழங்கும் அரண்மனை நெடுங்காலம் நீதிமன்றமாகப் பயன்பட்டது. அலுவலுக்கு ஏற்பக் கட்டடம் மாறுமுன் அதன் நிலையை வரைந்து வைத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இத்தகைய இடங்களே காட்டு. தமிழகக் கோயில்கள் பலவற்றில் மணல் வீசித் தூய்மை செய்தமையால் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தன. அன்பினாலேயே அழிவு நேர்ந்தது. மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டும் 2024இலேயே நடைமுறைக்கு வந்தது. சட்டம் காலந்தாழ்த்து வரும். மைப்படி எடுக்கவும் ஒளிப்படம் எடுக்கவும் ஊரார் காத்திருக்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் கடமை. ஊர் மலரின் பிழையை எண்ணி நகைத்தல் அறிஞர்க்கு அழகன்று. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் தெருப்பெயர், தொழிற்சொல், வழிபாட்டு முறை ஆகியவற்றுள் ஒன்றைத் தொகுத்து ஊர் நூலகத்துக்கும் ஒரு படி வழங்குமாறு செய்தல் கூடும். பென்னிங்டன் நூலகம் போன்ற பழைய நிலையங்கள் அப்படிகளுக்கு இயற்கையான உறைவிடம். அந்நிலையில் மன்றத்தின் ஆர்வமும் துறையின் நெறியும் ஒன்றையொன்று திருத்தும்.

இதுகாறும் கூறியவாற்றான், ஊர்ப்பெருமை தீதன்று என்பதும், சான்றின் துணையின்றி அது நில்லாது என்பதும் பெறப்படும். வில்லிபுத்தூரின் புகழ் முத்திரையினால் வந்ததன்று. 646 பாசுரங்களால் வந்தது. அவற்றை எழுதியும் ஓதியும் உரை செய்தும் காத்தவர் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. தம் பெயரை விடுத்துப் பாடத்தைக் காத்த அவர்களே மரபுக்காப்பாளர்க்கு முன்மாதிரி.